பவுனுக்கு முடி வெட்டியபோது

வலது கையில் சீப்பு, இடுப்பில் கத்தரி. எதிரில் என் உயரத்துக்கு ஒரு கழுத்து. அந்தக் கழுத்திலிருந்து இரண்டு பக்கமும் முடி வழிந்து கிடந்தது. முடியா அது! தேங்காய் நார் மூட்டையை அவிழ்த்துக் கவிழ்த்த மாதிரி இருந்தது. சீப்பை வைத்தேன். உள்ளே போன சீப்பு வெளியே வரவில்லை.

"இன்னாக்கா, எதாவது பண்ண முடியுமா?" என்றான் என் தம்பி அந்தோணி.

"நீ கொஞ்ச நேரம் சும்மா இரு" என்றேன்.

கழுத்துக்குச் சொந்தக்காரி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். முதல் தடவை பார்லருக்கு வரும் பெண்கள் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார்களே, அதே பார்வை. என்ன பாடு படுத்தப்போகிறாளோ என்கிற பயம்.

போன வாரம் மணப்பெண் அலங்காரம் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் ஆண்களுக்கு முடி வெட்டியதே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை அம்மா. திருப்பாதிரிப்புலியூரில் என் பார்லர் திறந்த நாளிலிருந்து பெண்களுக்கு மட்டும்தான். ஆனால் குதிரைக்கு வெட்டியிருக்கிறேன். அதுவும் பெண் குதிரை என்பதால் கொள்கைக்கு ஒன்றும் பங்கமில்லை.

ஏசி மெக்கானிக் வாங்கிய குதிரை

அந்தோணி துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். ஊருக்குத் திரும்பியதும் ஏசி கடை வைப்பான் என்று எல்லோரும் நினைத்தோம். அவன் குதிரை வாங்கினான்.

எங்கள் குடும்பத்துக்கும் குதிரைக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. பீச்சில் சவாரிக் குதிரை எதிரே வந்தால் அம்மா சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்தடி ஒதுங்குவாள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன், சிதம்பரத்தில் மாமியார் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் கொட்டகை போட்டு, சந்தன நிறத்தில் ஒரு குதிரையைக் கொண்டுவந்து கட்டினான். தெரசா என்று பெயர் வைக்கப் போனானாம். அம்மா போட்ட சத்தத்தில் அது பவுனு ஆயிற்று.

நான் உட்பட எல்லோரும் சிரித்தோம். ஆனால் தொழில் ஓடியது. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துவருவார்கள் அல்லவா, அதற்கு இப்போது காரைவிடக் குதிரைக்குத்தான் மவுசு. பவுனு பேண்டு சத்தத்துக்கு மிரளமாட்டாள், பட்டாசுக்கு மிரளமாட்டாள். தலைக்கு மேல் டிரோன் கேமரா பறந்தால் மட்டும் காதை விடைத்துக்கொண்டு முறைப்பாள்.

அவளைத் தேடி ஆட்கள் வந்ததே அந்தப் பிடரிமயிருக்காகத்தான். வீடியோவில் அது காற்றில் அலையும்போது அந்தோணியின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெண்ணைப் பெற்றவன் தோற்றான்.

அந்த முடியைப் பராமரிக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எங்கள் அம்மா எங்களுக்குச் செய்த வழி. சனிக்கிழமை ஆனால் உள்ளங்கை நிறைய தேங்காயெண்ணெய். அழுத்தித் தேய்த்து, இறுக்கிப் பின்னி விடுவது. சித்திரை வெயில், வியர்வை, புழுதி, அதற்கு மேல் எண்ணெய். அடியில் தோல் வெந்து புண்ணாகிவிட்டது. பவுனு கொட்டகைத் தூணில் போய்ப் போய்க் கழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"முடின்னா எண்ண வைக்க வாணாமாக்கா?" என்று என்னிடமே கேட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுக் களிம்பு எழுதிக் கொடுத்தார். "முடிய எடுத்துடுங்க. காத்து பட்டாத்தான் ஆறும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்படி எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்று சொல்லவில்லை. அதற்குத்தான் அந்தோணி எனக்குப் போன் செய்தான்.

"மொட்ட அடிச்ச குதிர மேல எந்த மாப்பிள்ளக்கா ஏறுவான்?"

சீப்புக்குக் கிடைத்தது

முதலில் குளிப்பாட்டினேன். பார்லரிலிருந்து கொண்டுபோன ஷாம்பு ஒரு கழுவலிலேயே தீர்ந்துவிட்டது. சிக்கெடுக்க விரல்தான் சரிப்பட்டது. கீழிருந்து மேலாக, ஒவ்வொரு கொத்தாகப் பிரித்தேன். வலிக்கும்போது பவுனு காலைத் தட்டுவாள். "சரிடி, சரிடி, முடிஞ்சிடுச்சு" என்பேன். எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்லும் அதே பொய்.

இடப்பக்கம் அடிமுடியை ஒதுக்கியபோது புண்ணுக்குச் சற்று மேலே ஒரு சுழி தெரிந்தது. ஒரு ரூபாய் அகலம். முடி ஒரு புள்ளியிலிருந்து சுற்றிச் சுற்றி அழகாக வளர்ந்திருந்தது.

"இங்க பாருடா, மனுஷன் உச்சந்தலையில இருக்கிற மாதிரியே இருக்குது" என்றேன்.

அந்தோணி எட்டிப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று.

மாடோ குதிரையோ வாங்குகிறவர்கள் சுழி பார்த்துத்தான் வாங்குவார்கள். சில இடத்தில் இருந்தால் யோகம். சில இடத்தில் இருந்தால் ஆகாது. பிடரிமயிருக்கு அடியில் இருந்தால், ஏறுகிறவன் குடும்பத்துக்கே ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. கல்யாண மாப்பிள்ளை ஏறுகிற குதிரைக்கு அது இருக்கலாமா?

"வாங்கும்போது பாக்கலியா நீ?"

"முடி இவ்ளோ இருந்துதுக்கா. நான் முடியத்தான் பாத்தேன்."

விற்றவர் ஏன் அந்த முடியைக் காடாக வளர்த்துவிட்டிருந்தார் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"இது வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் கூப்பிட மாட்டான். கல்யாணம் இல்லாம இவளுக்குத் தீனி போட என்னால முடியாது. வித்தா செங்கல் சூளக்காரன்தான் வாங்குவான், மண்ணு இழுக்க." அதைச் சொல்லும்போது அவன் பவுனின் கழுத்தில் கையை வைத்திருந்தான்.

முடியை எடுத்தால் சுழி தெரியும். எடுக்காவிட்டால் புண் ஆறாது. கத்தரி என் கையில் இருந்தது.

பார்லர்காரியின் வாய்

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெட்டுவது அதில் பாதிதான். மறுபாதி மறைப்பது. நரையை மறைப்போம், வழுக்கையை மறைப்போம், தழும்பை மறைப்போம். சுழியையும் மறைப்போம்.

பெண்களுக்குப் பிடரியில் சுழி இருந்தால் புருஷனுக்கு ஆகாது என்பார்கள். பெண் பார்க்க வரும் பெரிய மனுஷிகள் சிலர், "நல்ல நீளமான முடி" என்று பாராட்டுகிற சாக்கில் ஜடையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அதனால் அந்தச் சுழியோடு பிறந்த பெண்கள் கொண்டையைத் தாழ்த்திப் போட்டு, அதன் கீழ் பூவைத் தொங்கவிட்டுக்கொண்டே காலம் தள்ளுவார்கள். எந்தத் தலையில் எங்கே என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்ததில்லை. சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாருக்கும் பார்லர்காரிக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் கிடையாது.

அப்படி ஒருவர் சாவித்திரி அக்கா. பெயரை மாற்றியிருக்கிறேன். பார்லர் திறந்த புதிதில், கூட்டமே இல்லாத காலத்தில், தைரியமாக உள்ளே வந்து உட்கார்ந்த முதல் சில பேரில் ஒருவர். கல்யாணமாகிச் சிதம்பரத்துக்குப் போனவர், பிறகும் மாதம் ஒருமுறை ரயிலேறி என்னிடமே வருவார். "அங்க பார்லரே இல்லியாக்கா?" என்று கேட்டால், "இருக்குது. அவுங்க கேள்வி கேப்பாங்க" என்பார். அவர் பிடரிச் சுழியை மறைக்கும் தாழ்ந்த கொண்டையைக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

அவர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு என் சிபாரிசில் பவுனைத்தான் பேசியிருந்தார்கள்.

பாதி வெட்டு

அடர்த்தியான முடியுள்ள பெண்கள் கோடைக்கு வந்தால் நான் ஒரு வேலை செய்வேன். அடிமுடியை ஒட்ட எடுத்துவிட்டு மேலே ஒரு அடுக்கை மட்டும் விட்டுவிடுவது. பார்க்க முடி அப்படியே இருக்கும், பாரம் பாதியாகிவிடும். பவுனுக்கும் அதையே செய்தேன். புண் இருந்த இடம் சுத்தமாயிற்று, மேலடுக்கு விழுந்து சுழியை மறைத்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ரயிலேறினேன். ரயிலில் என் மேல் அடித்த குதிரை வாடைக்கு முகம் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சில நாள் கழித்து அந்தோணி வீடியோ காலில் காட்டினான். மேலடுக்கு வியர்வையில் ஊறிப் புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது. தூணில் ரத்தக்கறை.

மறுநாள் காலை ரயிலில் சிதம்பரம் போனேன். பவுனு என்னைப் பார்த்ததும் காதை முன்னால் நிமிர்த்தி, மூக்கால் என் பையை முட்டினாள். கழுத்தைத் தொடப்போனபோது மட்டும் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. அதைப் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

"எடுத்துடறேண்டா" என்றேன்.

அந்தோணி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எடு" என்றான்.

நாலு விரல் உயரம் விட்டு, மீதியைக் காதுப் பக்கத்திலிருந்து முதுகு வரை வெட்டிக்கொண்டே போனேன். கொத்துக் கொத்தாகக் காலடியில் விழுந்தது. குட்டையானதும் அந்த முரட்டு முடி விறைத்து நிமிர்ந்து நின்றது. புண் முழுவதும் வெளியே வந்தது. சுழியும்தான்.

வெட்டி முடித்த சமயம் பிச்சாவரம் பக்கமிருந்து கொஞ்சம் ஈரக்காற்று வந்தது. பவுனு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு தாடையை என் தோளில் வைத்தாள். அவ்வளவு கனத்தையும் வைத்துவிட்டாள். என் வாழ்நாளில் எந்த வாடிக்கையாளரும் எனக்கு அப்படி நன்றி சொன்னதில்லை.

"சாவித்திரி அக்காகிட்ட சொல்லிடணும்" என்றேன்.

"கல்யாணம் முடியட்டுமேக்கா."

"ஏறப்போறது அவுங்க புள்ள. தெரிஞ்சி ஏறட்டும். இல்லாட்டி வேற குதிர பாத்துக்கட்டும்."

அவன் கீழே கிடந்த முடியைப் பெருக்கிக் குவித்துக்கொண்டே இருந்தான். பிறகு துடைப்பத்தைச் சாத்திவிட்டு அவனே போன் போட்டான்.

பெண்ணாடத்து அண்ணன்

சாவித்திரி அக்கா அன்று சாயங்காலமே வந்தார். கூடவே அவர் அண்ணன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், பெண்ணாடத்தில் கரும்பு போட்டிருக்கிறவர். மாடு வாங்குகிற யாரும் அவரைக் கேட்காமல் வாங்கமாட்டார்கள் என்று அக்கா பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெருமை எனக்கு இனிக்கவில்லை.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிரையை ஒரு சுற்று வந்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். இடப்பக்கக் கழுத்துக்கு வந்ததும் நின்றார்.

"தம்பி, இது இன்னா?"

"சுழிங்க" என்றான் அந்தோணி. ஒளிக்கவில்லை. "எனக்கே இப்பதாங்க தெரியும். அதான் உங்கள வரச் சொன்னேன்."

"இதுக்கு ஒரு பேரு இருக்குது. நல்ல காரியம் வச்சிருக்கிற நேரத்துல வாயால சொல்லக்கூடாது." கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வாணாம் சாவித்திரி. காரு வச்சுக்கலாம். தம்பி, தப்பா நெனச்சுக்காத. நாளைக்கு வேற எவனாவது நல்லவன் தெரியாம ஏறிடக்கூடாது. மண்டபத்துக்காரங்க, பேண்டுக்காரங்க எல்லாருகிட்டயும் நான் சொல்லித்தான் ஆவணும்."

அவர் கெட்டவர் இல்லை. நம்புகிறவர். அதுதான் பயமாக இருந்தது. அவர் சொன்னால் அந்த வட்டாரத்தில் பவுனின் பிழைப்பு அதோடு சரி.

"புண்ணு ஆறத்தாங்க முடி எடுத்தோம்" என்று நான் ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை.

அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சுடுகிறது. ஒரு வார்த்தை போதும். "உங்க தங்கச்சி பிடரியப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டால் போதும். என் தம்பி பிழைப்பான், பவுனு பிழைப்பாள். எதிரே சாவித்திரி அக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். தாழ்ந்த கொண்டை, அதன் கீழே இரண்டு முழம் முல்லை. எல்லாம் நான் கற்றுக்கொடுத்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெரிய மனசு என்று யாரும் எண்ண வேண்டாம். வாய் வரை வந்துவிட்டது, அவ்வளவு ஆத்திரம். ஆனால் அது என் ரகசியம் இல்லை.

அக்கா குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுழியை அல்ல, அதற்குக் கீழே களிம்பு பூசிய புண்ணை.

"அண்ணே, இது பொம்பளைக்கு இருந்தா இன்னா ஆவும்?" என்றார்.

"புருஷனுக்கு ஆவாது. அதான் நம்ம வீட்டுல பொண்ணு எடுக்கறப்ப ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாக்கறது. அது எதுக்கு இப்ப?"

அக்கா தலையிலிருந்து பூவை எடுத்தார். என் பக்கம் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி என்னிடம் கொடுத்தார். கொண்டையை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"பாத்துக்கோ."

அவர் பார்த்தார்.

"ரெண்டு தடவ பாக்கற வீட்டுல, கூடப் பொறந்தவளத்தான் நீ பாக்கல. அம்மாவுக்குத் தெரியும். பூ வச்சு மறைச்சுத்தான் கட்டிக் குடுத்துச்சு. ஒன் மச்சான் இந்நேரம் வீட்டுல டிவி சத்தத்த ஜாஸ்தியா வச்சுக்கினு முறுக்கு துன்னுக்கினு இருப்பாரு. போயி பாரு."

"மச்சானுக்குத் தெரியுமா?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"அவருக்குத் தெரியாம? கல்யாணமான மறு மாசமே சொல்லிட்டேன். இதுக்கா இவ்ளோ பயந்தேன்னு சிரிச்சாரு. நான் பயந்ததெல்லாம் ஒனக்குத்தாண்ணே."

அண்ணன் தங்கையைப் பார்க்கவில்லை. பவுனுக்குப் பக்கத்தில் போய், கொஞ்சம் தயங்கி, அவள் கழுத்தில் கையை வைத்தார். புண்ணைச் சுற்றி விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"ஈ ஜாஸ்தியா மொய்க்குது தம்பி" என்றார். "பொழுது சாஞ்சா கொட்டாயில வேப்பந்தழ போட்டுப் பொக காட்டு. இந்தக் கழுத்துல எண்ணெய மட்டும் தொடாத." செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார். "அழைப்பு அன்னிக்கு நாலு மணிக்கெல்லாம் கோயில்கிட்ட கொண்டாந்துடு. லேட் பண்ணாத."

அந்தோணி பவுனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும்தான். எனக்கு வாழ்க்கையில் உதவியவர்கள் பலர் உண்டு. கடன் கொடுத்தவர்கள், கடை பிடித்துக் கொடுத்தவர்கள். ஆனால் தன் வாழ்நாள் பயத்தை எடுத்து எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனவர் சாவித்திரி அக்கா ஒருவர்தான். அதற்கு என்ன செய்து ஈடு கட்டுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டபோதுகூட, "எழுது. என் பேருக்குப் பதிலா நல்ல பேரா பாத்து வையி" என்றார்.

முல்லைச் சரம்

அழைப்பன்று மண்டபத்து அறையில் அக்காவுக்கு நான்தான் அலங்காரம். பழக்க தோஷம், கை தானாகவே கொண்டையைப் பிடரிக்குத் தாழ்த்திக்கொண்டு போனது.

"தூக்கிக் கட்டு ரோசி" என்றார்.

"வீடியோ எடுப்பாங்கக்கா."

"எடுக்கட்டும். எத்தினி வருஷமா புழுங்குது தெரியுமா? கொஞ்சம் காத்து படட்டும்."

கொண்டையை அவிழ்த்தேன். உச்சியில் கொண்டை போட்டு, முல்லையை அதைச் சுற்றி வைத்தேன். கீழே பிடரி வெறுமையாக இருந்தது. தொங்கவிடக் கொண்டுவந்த இரண்டு முழம் மிச்சமிருந்தது.

"இத குதிரைக்குக் கட்டு" என்றார். பிறகு, நான் கதவைத் தாண்டுவதற்குள் அவசரமாகக் கூப்பிட்டார்.

"கழுத்துல வாணாம் ரோசி. நெத்தியில கட்டு."

நெற்றியில் கட்டினேன். கோயில் வாசலில் பேண்டு ஆரம்பித்தது. பவுனு முல்லை வாசனைக்கு மூக்கைச் சுருக்கினாள். மாப்பிள்ளை ஏறினான். பெண்ணாடத்து அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அந்தோணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கடிவாளத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். குதிரைக்கு இடப்பக்கமாக நடந்தார். அந்தப் பக்கம்தான் சுழி.